தோல்வியால் தொண்டு செய்த தலைவர்: கோபால கிருஷ்ண கோகலே

முன்னுரை

இந்திய விடுதலை இயக்கத்தை வகுப்பில் பயிலும்போது தலைவர்களை இரண்டு கூடைகளில் இட்டுவைக்க நாம் பழகிவிட்டோம். ஒன்று மிதவாதிகள் கூடை. மற்றொன்று தீவிரவாதிகள் கூடை. இரண்டாவது கூடையில் உள்ளவர்களைப் பற்றிப் பேசும்போது நம் குரல் தானே உயர்கிறது. முதற் கூடையில் உள்ளவர்களோ மனு எழுதினார்கள், தீர்மானம் நிறைவேற்றினார்கள், ஆங்கிலேயரின் நீதியுணர்வை நம்பினார்கள் என்ற மூன்று வரிகளோடு முடிந்துபோகிறார்கள். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு அது போதும். ஒரு மனிதரின் வாழ்வை அளக்க அது போதுமா?

எங்கள் வகுப்புக் கருத்தரங்கில் கோகலேயைப் பற்றி நான் கட்டுரை படிக்க நேர்ந்தது. படித்து முடித்ததும் நண்பர் ஒருவர் எழுந்து, "எல்லாம் சரி, அவர் எதில் வென்றார் என்று சொல்லுங்கள்" எனக் கேட்டார். வகுப்பு சிரித்தது. எனக்கு உடனே விடை வரவில்லை. அவர் பெரிதும் விரும்பிக் கொணர்ந்த சட்டம் தோற்றது. அவர் காலத்தில் காங்கிரசு பிளந்தது. நாற்பத்தெட்டு வயதில் அவர் மறைந்தபோது நாட்டின் விடுதலை கண்ணுக்கெட்டாத தொலைவில் இருந்தது. நண்பரின் வினாவுக்கு அதன்பின் நூலகத்தில் தேடிய விடையே இக்கட்டுரை.

இளமையும் வறுமையும்

பம்பாய் மாகாணத்து இரத்தினகிரி மாவட்டத்தில் கோட்லுக் என்னும் சிற்றூரில் 1866ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் கோபால கிருஷ்ண கோகலே பிறந்தார். தந்தையார் கிருஷ்ணராவ், கோலாப்பூரை அடுத்த காகல் என்னும் சிறு சமஸ்தானத்தில் பணிபுரிந்தவர். பெரும் செல்வம் ஏதும் இல்லாத குடும்பம். 1879இல் தந்தையார் மறைந்தபோது கோபாலனுக்கு வயது பதின்மூன்று.

அவருடைய அண்ணன் கோவிந்தனுக்கு அப்போது பதினெட்டு வயது. தம்பியின் படிப்பு நின்றுவிடக் கூடாது என்று எண்ணிய அண்ணன், தன் படிப்பை நிறுத்திவிட்டு மாதம் 15 ரூபாய்ச் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பதினைந்தில் எட்டு ரூபாயைத் தம்பிக்கு அனுப்பினார். எஞ்சிய ஏழு ரூபாயில் குடும்பம் நடந்தது. தம்பியும் அந்த எட்டு ரூபாயின் அருமையை உணர்ந்தவர். விளக்கெண்ணெய்ச் செலவை மிச்சப்படுத்தத் தெருவிளக்கின் கீழ் அமர்ந்து படித்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

கோலாப்பூர் இராஜாராம் கல்லூரியிலும், பூனா தக்காணக் கல்லூரியிலும், பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியிலும் பயின்று 1884இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அக்காலத்தில் பட்டதாரிக்கு அரசாங்க உத்தியோகம் எளிதில் கிட்டும். பதினெட்டு வயதில் பட்டம் பெற்ற இளைஞர் அந்த வழியில் சென்றிருந்தால் அண்ணனின் கடனை நான்கைந்து ஆண்டுகளில் அடைத்திருக்கலாம். அவர் தேர்ந்ததோ ஆசிரியத் தொழில்.

ஆசிரியர் கோகலே

1885இல் பூனாவின் நியூ இங்கிலீஷ் பள்ளியில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். அப்பள்ளியை நடத்திய தக்காணக் கல்விக் கழகம் அதே ஆண்டில் பெர்குசன் கல்லூரியைத் தொடங்கியது. திலகரும் அகர்க்கரும் அக்கழகத்தை உருவாக்கியவர்களுள் முதன்மையானோர். அதன் ஆயுள் உறுப்பினர்கள் இருபது ஆண்டுகள் மாதம் 75 ரூபாய் ஊதியத்தில் உழைப்பதாக உறுதி பூண்டவர்கள். கோகலேயும் அவ்வுறுதி பூண்டார்.

கணிதம், ஆங்கிலம், வரலாறு, பொருளாதாரம் என எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லையோ அந்தப் பாடத்தை அவர் எடுத்தார். தம் மாணவர்களுக்காக அவர் உருவாக்கிய கணித நூல் பல ஆண்டுகள் பள்ளிகளில் பாடநூலாக விளங்கியது. கோடை விடுமுறையில் பிற ஆசிரியர்கள் ஊருக்குச் செல்ல, இவர் கல்லூரிக் கட்டட நிதிக்காக ஊர் ஊராக அலைந்தார். கதவைத் தட்டிப் பணம் கேட்பதும், அவமதிப்பைப் பொறுப்பதும், மறுநாள் மீண்டும் அதே கதவைத் தட்டுவதும் அங்கே அவர் பெற்ற பயிற்சி. பிற்காலத்தில் சட்டமன்றத்தில் அவர் காட்டிய பொறுமைக்கு வேர் இங்கேதான் உள்ளது எனலாம்.

பூனாவில் அவருக்கு வாய்த்த குரு மகாதேவ கோவிந்த ரானடே. நீதிபதியாக இருந்துகொண்டே நாட்டின் பொருளாதாரத்தையும் சமூகச் சீர்திருத்தத்தையும் ஆய்ந்த பேரறிஞர் அவர். எந்தச் செய்தியையும் அரசாங்க அறிக்கைகளின் மூலத்தில் சென்று காணவேண்டும், எண்ணைச் சரிபார்க்காமல் ஒரு வரி எழுதலாகாது என்ற ஒழுக்கத்தை ரானடேயிடம் கோகலே கற்றார். 1889இல் காங்கிரசில் சேர்ந்தார்.

ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் வகுப்பறையில் உழைத்தபின் 1902இல் பெர்குசன் கல்லூரியில் விடைபெற்றபோது மாணவர்களிடம் ஓர் உவமை கூறினார். கடற்கரையில் அழகிய வீடும் விளைநிலமும் உடைய ஒருவன், அவற்றை விட்டுப் புயல் வீசும் கடலில் படகைச் செலுத்தத் துணிவது போன்றது தம் செயல் என்றார். அரசியலில் தமக்குக் காத்திருப்பது பூமாலை அன்று என்பதை அவர் நன்கறிவார். அவ்வாறு அறியச் செய்த நிகழ்ச்சி ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருந்தது.

ஒரு மன்னிப்பும் அதன் விலையும்

1897இல் இந்தியாவின் செலவினங்களை ஆராய்ந்த வெல்பி குழுவின் முன் சாட்சியம் அளிக்கக் கோகலே இலண்டன் சென்றார். வயது முப்பது. அவருடன் சாட்சியம் அளித்த இந்தியர்களுள் சுரேந்திரநாத் பானர்ஜி, தின்ஷா வாச்சா ஆகியோரோடு, 'இந்து', 'சுதேசமித்திரன்' ஆகிய இதழ்களைத் தோற்றுவித்த நம் ஜி. சுப்பிரமணிய ஐயரும் ஒருவர். இராணுவச் செலவும் உயர் உத்தியோகச் செலவும் இந்திய ஏழையின் தலையில் எவ்வாறு விடிகின்றன என்பதைக் கோகலே எண்களால் மெய்ப்பித்தார். குழுவினர் துருவித் துருவிக் கேட்ட வினாக்களுக்கெல்லாம் தளராமல் விடையளித்தார்.

அதே வேளையில் பூனாவில் பிளேக் நோய் பரவியிருந்தது. வீடுகளைச் சோதனையிட்ட படைவீரர்கள் பெண்களிடம் முறைகேடாக நடந்தனர் என்று பூனா நண்பர்கள் அவருக்குக் கடிதம் எழுதினர். மனம் கொதித்த கோகலே அச்செய்தியை இங்கிலாந்தில் வெளியிட்டார். இதற்கிடையே பூனாவில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டிருந்தார், அடக்குமுறை தொடங்கியது. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் எங்கே என அரசு கேட்டது. கடிதம் எழுதியவர்கள் முன்வர அஞ்சினர். அவர்கள் பெயரை வெளியிட்டிருந்தால் கோகலே தப்பியிருக்கலாம். அவர் பெயர்களைக் காத்தார். மெய்ப்பிக்க இயலாத குற்றச்சாட்டைக் கூறியதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

கோழை என்று அவரை நாடே ஏசியது. அந்த மன்னிப்பு சரியா தவறா என்பதில் இன்றும் கருத்து வேற்றுமை இருக்கலாம். ஆயினும் ஆதாரம் இல்லாத உண்மையைக்கூட மேடையில் சொல்லலாகாது என்ற கட்டுப்பாட்டை அன்றுமுதல் அவர் தம் அரசியலின் முதல் விதியாக்கிக் கொண்டார். அதன்பின் அவர் கூறிய புள்ளிவிவரத்தைப் பொய் என்று தள்ள அரசாங்கம் திணறியது.

கணக்குப் பேசிய சட்டமன்றம்

1899இல் பம்பாய்ச் சட்டசபைக்கும், 1902இல் வைசிராயின் இம்பீரியல் சட்டசபைக்கும் கோகலே உறுப்பினரானார். அன்றைய சட்டசபையை இன்றைய நாடாளுமன்றம்போல் எண்ணிவிடக் கூடாது. 1892ஆம் ஆண்டுச் சட்டப்படி வரவு செலவுத் திட்டத்தின்மீது உறுப்பினர் பேசலாம், வாக்களிக்க முடியாது. அதிகாரிகளே பெரும்பான்மையினர். பேச்சு முடிந்ததும் அரசாங்கம் தான் நினைத்ததைச் செய்யும்.

1902 மார்ச்சு 26ஆம் நாள் அவர் ஆற்றிய முதல் வரவு செலவுத் திட்டப் பேச்சு வரலாற்றுப் புகழ் பெற்றது. ஆண்டுதோறும் உபரி காட்டிய நிதி உறுப்பினரை அவை பாராட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பாராட்டில் தாம் மனச்சான்றோடு பங்குகொள்ள இயலாது என்று கோகலே தொடங்கினார். அவருடைய வாதம் எளியது. ரூபாயின் மாற்று மதிப்புச் சரிந்த காலத்தில், இங்கிலாந்துக்கு அனுப்பவேண்டிய தொகையை ஈடுகட்ட வரிகள் உயர்த்தப்பட்டன. பின்னர் மாற்று மதிப்பு உயர்ந்து நிலைபெற்றது. ஆனால் உயர்த்திய வரி குறைக்கப்படவில்லை. ஆகவே கருவூலத்தில் பணம் குவிந்தது. பஞ்சத்தில் மக்கள் மாண்ட அதே ஆண்டுகளில் அரசுக்கு உபரி என்றால், அது செழிப்பின் அடையாளம் ஆகாது. தேவைக்கு மேல் வரி வாங்குவதன் அடையாளமே ஆகும்.

உப்பு வரியை அவர் ஆண்டுதோறும் தாக்கினார். அன்று மணங்கு ஒன்றுக்கு 2½ ரூபாயாக இருந்த வரி 1903இல் 2 ரூபாயாகவும், 1905இல் 1½ ரூபாயாகவும், 1907இல் 1 ரூபாயாகவும் குறைந்தது. வருமான வரி விலக்கின் எல்லையும் 1903இல் ஆண்டுக்கு 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. இவையனைத்தும் ஒருவர் பேச்சால் மட்டுமே விளைந்தன என்று கூறுவது மிகையாகும். வாக்குரிமையே இல்லாத அவையில், வெறும் கணக்கை ஆயுதமாகக் கொண்டு ஏழையின் கஞ்சிக்கலயம் வரை அவர் எட்டினார் என்று கூறுவது மிகையன்று.

தன் வீட்டு அழுக்கு

அரசின் குறையை எண்ணி எண்ணிக் காட்டிய கோகலே, நம் சமூகத்தின் குறையை மூடி மறைக்கவில்லை. 1903இல் தார்வார் நகரில் நடந்த சமூகச் சீர்திருத்த மாநாட்டில் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைப் பற்றிப் பேசினார். தென்னாப்பிரிக்காவில் இந்தியரை வெள்ளையர் இழிவுபடுத்துவதற்குக் கொதிக்கும் நாம், நம் ஊரில் நம்மவரையே தீண்டத்தகாதவர் என்று ஒதுக்குவதை எந்த வாயால் நியாயப்படுத்துவது என்ற ரானடேயின் வினாவை அவையின் முன் வைத்தார். கைதட்டல் எதிர்பார்த்துப் பேசும் பேச்சன்று அது.

இந்த நோக்கின் தொடர்ச்சியே 1905 ஜூன் 12ஆம் நாள் பூனாவில் அவர் தோற்றுவித்த இந்திய ஊழியர் சங்கம். நாட்டுத் தொண்டை ஓய்வுநேர வேலையாகக் கொள்ளாமல் வாழ்நாள் தவமாகக் கொள்ளும் இளைஞர்களை ஆயத்தம் செய்வதே அதன் நோக்கம். பொதுப்பணியில் தன்னலத்துக்கு ஆதாயம் தேடாமை, சாதி சமய வேறுபாடின்றி அனைவரையும் உடன்பிறந்தாராகக் கொள்ளுதல் போன்ற ஏழு உறுதிமொழிகளை உறுப்பினர் ஏற்கவேண்டும். குடும்பத்துக்கு அளந்து கொடுக்கும் சிறு தொகையே அவர்களின் ஊதியம்.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியில் தலைமையாசிரியராக விளங்கிய வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் அப்பதவியை விட்டு 1907இல் இச்சங்கத்தில் சேர்ந்தார். கோகலேக்குப் பின் அதன் தலைவரும் ஆனார். தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடியான என்.எம். ஜோஷியும், பழங்குடி மக்களுக்காகவும் தாழ்த்தப்பட்ட மக்களுக்காகவும் வாழ்நாளை ஈந்த தக்கர் பாபாவும் இச்சங்கத்தில் உருவானவர்களே.

அதே 1905ஆம் ஆண்டு டிசம்பரில் காசியில் கூடிய காங்கிரசுக்குக் கோகலே தலைமை வகித்தார். வங்கப் பிரிவினையைக் கண்டித்துக் கர்சன் பிரபுவின் ஆட்சியை ஔரங்கசீபின் ஆட்சியோடு ஒப்பிட்டார். 'மிதவாதி' என்ற சொல்லுக்குள் இந்தப் பேச்சை எங்கே அடக்குவது?

கடல் கடந்த தமிழர்களும் கோகலேயும்

1860 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' கப்பல் முதல் தொகுதி ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலில் இறக்கியது. 1911 வரை இவ்வாறு அங்குச் சென்றோர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும் பகுதியினர் தமிழும் தெலுங்கும் பேசிய சென்னை மாகாணத்தார். ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்க விரும்பினால் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி கட்டவேண்டும் என்று பின்னர் ஒரு கொடுமையும் சேர்ந்தது.

நேட்டாலுக்குக் கூலிகளை ஏற்றுமதி செய்வதைத் தடுக்க வேண்டும் என்னும் தீர்மானத்தைக் கோகலே 1910 பிப்ரவரி 25ஆம் நாள் இம்பீரியல் சட்டசபையில் கொண்டுவந்தார். அரசு அதனை ஏற்றது. 1911 ஜூலை முதல் நேட்டாலுக்குக் கூலியனுப்புதல் நின்றது. 1912 அக்டோபரில் அவரே தென்னாப்பிரிக்கா சென்று, காந்தியடிகளுடன் ஊர் ஊராகச் சுற்றி, அமைச்சர்கள் போத்தாவையும் ஸ்மட்ஸையும் சந்தித்தார். தலைவரி நீங்கிவிடும் என்ற நம்பிக்கையோடு திரும்பினார். அந்த நம்பிக்கை பொய்த்தது. 1913இல் பெரும் போராட்டம் மூண்டது. நீரிழிவு நோயால் நலிந்திருந்த நிலையிலும் கோகலே இந்தியா முழுதும் நிதி திரட்டி அனுப்பினார். 1914இல் மூன்று பவுன் வரி ஒழிந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயரை நாம் அறிவோம். அச்சிறுமி நின்ற களத்துக்கு இந்தியாவிலிருந்து துணைநின்ற கையின் பெயரையும் அறிதல் நன்று.

கட்டாயக் கல்வி மசோதா

இனி என் நண்பரின் வினாவுக்கு நேராக வருவோம்.

1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஆறு பேருக்கும் சற்றுக் குறைவு. ஆண்களில் பத்துப் பேருக்கு ஒருவர். பெண்களிலோ நூற்றுக்கு ஒருவர். ஒரு கிராமத்துக்குக் கடிதம் வந்தால், அதைப் படித்துச் சொல்ல ஆளைத் தேடி அடுத்த கிராமத்துக்குப் போகவேண்டிய நிலை. இந்நிலையில் விடுதலை வந்தாலும் அது எழுதப் படிக்கத் தெரிந்த சிலருடைய விடுதலையாகவே முடியும் என்று கோகலே கருதினார். கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல் கைநாட்டு வைக்கும் உழவனுக்கு ஆள்பவர் யாராயிருந்தால் என்ன? ஆகவே எல்லாருக்கும் தொடக்கக் கல்வி என்பது அவருக்கு அறச்செயல் மட்டுமன்று. அரசியலின் அடித்தளமே அதுதான்.

1910 மார்ச்சில் இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்விக்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். கவனிப்பதாக அரசு உறுதி கூறவே அதனைத் திரும்பப் பெற்றார். பின்னர் 1911 மார்ச்சு 16ஆம் நாள் முறையான மசோதாவாகவே கொணர்ந்தார். அதன் விதிகளைப் படித்தால் ஓர் ஆசிரியரின் கைவண்ணம் தெரியும். நாடு முழுவதும் ஒரே நாளில் கட்டாயம் என்று அவர் கேட்கவில்லை. குறிப்பிட்ட விகிதத்தினர் முன்னரே பள்ளிக்குச் செல்லும் பகுதிகளில் மட்டும், நகராட்சியோ மாவட்டக் கழகமோ விரும்பினால், அரசின் இசைவு பெற்றுக் கட்டாயத்தைக் கொண்டுவரலாம். வயது ஆறு முதல் பத்து வரை. முதலில் சிறுவர்களுக்கு, காலப்போக்கில் சிறுமியருக்கும். மாதம் 10 ரூபாய்க்கும் குறைந்த வருவாயுள்ள பெற்றோரிடம் கட்டணம் வாங்கலாகாது. செலவில் மூன்றில் இரண்டு பங்கை அரசும் ஒரு பங்கை உள்ளாட்சியும் ஏற்கவேண்டும்.

அண்ணன் அனுப்பிய எட்டு ரூபாயில் படித்தவர், பத்து ரூபாய் வருவாயுள்ள தந்தையின் வீட்டை நினைந்து எழுதிய விதி இது என்று எனக்குத் தோன்றுகிறது.

எதிர்ப்பு எப்படி வந்தது? மக்களிடம் இதற்கு வேட்கை இல்லை என்றனர் அதிகாரிகள். புதிய வரி போடவேண்டி வரும் என்றனர். கட்டாயம் என்ற சொல்லே மக்களை அச்சுறுத்தும் என்றனர். மாகாண அரசுகள் மறுத்தன. கூலியாட்கள் குறைவர் என்று நிலக்கிழார் சிலரும் அஞ்சினர். இங்கிலாந்தில் 1870க்குப் பின் படிப்படியாகக் கட்டாயக் கல்வி வந்ததையும், நம் நாட்டிலேயே பரோடா மன்னர் சாயாஜிராவ் 1893இல் அம்ரேலிப் பகுதியில் தொடங்கி 1906இல் தம் சமஸ்தானம் முழுதும் அதனைப் பரப்பியதையும் கோகலே எடுத்துக்காட்டினார். ஓர் இந்திய மன்னரால் இயன்றது பேரரசால் ஏன் இயலாது என்ற கேள்விக்கு நேரான விடை கிடைக்கவில்லை. முகம்மது அலி ஜின்னா மசோதாவை வலுவாக ஆதரித்துப் பேசினார்.

1912 மார்ச்சு 19ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 13, எதிர்ப்பு 38. மசோதா வீழ்ந்தது.

அன்றைய விவாதத்தில் கோகலே கூறியதுதான் இக்கட்டுரையின் உயிர். பொழுது சாய்வதற்குள் தம் மசோதா தோற்கும் என்பது தமக்குத் தெரியும் என்றார். அதற்காக வருந்தவில்லை என்றார். இத்தலைமுறை இந்தியர் தம் தோல்விகளாலேயே நாட்டுக்குத் தொண்டு செய்ய முடியும். வெற்றிகளால் தொண்டு செய்யும் பேறு பெற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்பது அவர் கூறியதன் சாரம்.

தோல்வி விதைத்தவை

தோற்ற மசோதா மண்ணில் மக்கிப் போகவில்லை. அவருடைய தீர்மானத்துக்குப் பின் 1910இலேயே இந்திய அரசில் கல்விக்கெனத் தனித்துறை அமைந்தது. மசோதா அவையில் இருந்தபோதே, 1911 டிசம்பரில் நடந்த தில்லி தர்பாரில், மக்கள் கல்விக்கென ஆண்டுதோறும் 50 இலட்சம் ரூபாய் ஒதுக்கும் அறிவிப்பு வந்தது. விட்டல்பாய் படேலின் முயற்சியால் 1918இல் பம்பாய் மாகாணம் நகராட்சிகளுக்கான கட்டாயக் கல்விச் சட்டத்தை இயற்றியது. பிற மாகாணங்களும் அடுத்தடுத்துத் தொடர்ந்தன. சென்னை மாகாணத்தின் தொடக்கக் கல்விச் சட்டம் 1920இல் வந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு, பத்தாண்டுகளுக்குள் பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்று நெறி வகுத்தது. பத்தாண்டில் அது நிறைவேறவில்லை. 2002இல் 86ஆம் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. 2009இல் இயற்றிய சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கோகலே தோற்ற நாளிலிருந்து எண்ணினால் தொண்ணூற்றெட்டு ஆண்டுகள்!

குறைகளும் எல்லைகளும்

கோகலேயிடம் குறையே இல்லை என்று எழுதினால் அது அவருக்கே பிடிக்காது. ஆங்கிலேயரின் நல்லெண்ணத்தில் அவர் வைத்த நம்பிக்கை பலமுறை ஏமாற்றம் கண்டது. 1909ஆம் ஆண்டு மிண்டோ-மார்லி சீர்திருத்தத்தை அவர் வரவேற்றார். அந்தச் சீர்திருத்தம் இம்பீரியல் சட்டசபையில் விட்டுவைத்த அதிகாரிகள் பெரும்பான்மையே மூன்றாண்டுகளில் அவருடைய மசோதாவைத் தோற்கடித்தது. சிறுமியரைப் பின்னுக்கு வைத்ததும், அரசின் இசைவைக் கட்டாயமாக்கியதும் மசோதாவின் குறைகளே. மக்களைத் திரட்டும் ஆற்றலில் திலகருக்கு அவர் ஈடாகார். 1907இல் சூரத்தில் காங்கிரசு பிளந்ததில் இரு தரப்புக்கும் பொறுப்பு உண்டு.

ஆயினும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். வீதியில் எழும் முழக்கமும் அவையில் வைக்கும் கணக்கும் ஒன்றுக்கொன்று பகையல்ல. திலகர் மக்களை எழுப்பினார். எழுந்த மக்களுக்கு ஏடும் எழுத்தாணியும் வேண்டும் என்றார் கோகலே. இரண்டையும் ஒரே கையில் ஏந்தத் தெரிந்தவர் காந்தியடிகள். அவர் கோகலேயைத் தம் அரசியல் குரு என்றே அழைத்தார். 1915 சனவரியில் தாயகம் திரும்பிய காந்தியடிகளிடம், ஓராண்டு நாடு முழுதும் சுற்றிப் பார். அதுவரை அரசியல் பேசாதே என்று அந்தக் குரு இட்ட கட்டளையை அவர் தட்டவில்லை.

மறைவு

1915 பிப்ரவரி 19ஆம் நாள் பூனாவில் கோகலே மறைந்தார். வாழ்நாள் முழுதும் கருத்தால் மாறுபட்டு நின்ற திலகர் சுடுகாட்டுக்கு வந்தார். இந்தியாவின் வைரம், மராட்டியத்தின் மணி, உழைப்பாளர்களின் அரசர் என்று அவரைப் புகழ்ந்து, அவர் வழியைப் பின்பற்றுமாறு கூடியிருந்தோரைக் கேட்டுக்கொண்டார். எதிரணியில் நின்றவரின் வாயால் இத்தகைய சொல்லைப் பெறுவதினும் பெரிய பட்டம் வேறில்லை. முந்திய ஆண்டில் ஆங்கில அரசு அளிக்க முன்வந்த 'சர்' பட்டத்தைக் கோகலே வேண்டாம் என்று மறுத்திருந்தார்.

முடிவுரை

"அவர் எதில் வென்றார்?" என்ற நண்பரின் வினாவுக்கு என் விடை இதுதான். நம் கல்லூரியின் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் உழவு, நெசவு, கூலி, சிறுகடை என்றெல்லாம் எழுதியிருக்கும். நம்மில் பலர் நம் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். நம்முள் சிலருக்குப் பின்னால் ஓர் அண்ணனோ அக்காளோ தன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போயிருப்பதும் உண்டு. 1912இல் தோற்ற பதின்மூன்று வாக்குகள் இவ்வளவு காலங்கடந்து இந்தப் பதிவேட்டில் வென்றிருக்கின்றன. இதற்குப் பின்னர் உழைத்த பல தலைவர்களுக்கும் பங்கு உண்டு. வழியை முதலில் வெட்டியவருள் கோகலே ஒருவர்.

மாணவ நண்பர்களே, வெற்றியால் தொண்டு செய்யும் பேறு பெற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்றாரே, அவர் சுட்டியது நம்மைத்தான். அடுத்த விடுமுறையில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும்போது, சாலையைச் சீர்செய்து மரக்கன்று நட்ட பின் ஒரு மணி நேரம் மீதம் வைப்போம். அந்த ஊரில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளை எத்தனை என்று வீடு வீடாகக் கேட்டுக் கணக்கெடுப்போம். ஏன் நின்றது என்பதையும் எழுதுவோம். அந்தக் கணக்கை ஊர்ப் பெரியவர்களிடமும் பள்ளித் தலைமையாசிரியரிடமும் கொடுப்போம். ஒரே ஒரு பிள்ளை மீண்டும் பள்ளிக்குப் போனாலும் போதும். கணக்கு வாத்தியாராக வாழ்வைத் தொடங்கிய கோகலேக்கு அதைவிடப் பொருத்தமான அஞ்சலி வேறில்லை.